இன, சமய அடிப்படையில் நாட்டைப் பிரித்தல்

இன, சமய அடிப்படையில் நாட்டைப் பிரித்தல் என்பது, ஒரே அரசின் கீழ் வாழும் மக்களை இனம், சமயம் அல்லது மொழி கொண்டு வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையினரும் பெரும்பான்மையாக வாழும் நிலப்பகுதியைத் தனி நாடாகவோ தனி ஆட்சிப் பகுதியாகவோ ஆக்குவதைக் குறிக்கும். அயர்லாந்து 1920களின் தொடக்கத்திலும், இந்தியா 1947ஆம் ஆண்டிலும் இவ்வாறு பிரிக்கப்பட்டன. சைப்பிரஸ் 1974ஆம் ஆண்டுப் போருக்குப் பின் நடைமுறையில் இரண்டானது. யுகோஸ்லாவியா 1990களில் பல நாடுகளாகச் சிதறியது. ஒரே நாட்டுக்குள் மொழிவழி மாநிலங்கள் அமைப்பதும், அளவில் சிறியதாயினும், இதே சிக்கல்களை எதிர்கொள்கிறது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டு நடைபெற்ற மாநிலச் சீரமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஒரு நாட்டைப் பிரிக்க வேண்டுமா என்பது அரசியல் கேள்வி. பிரிப்பது என்று முடிவான பின்னர், கோட்டை எங்கே வரைவது என்ற கேள்வி எழுகிறது. இது கணக்கெடுப்பு அட்டவணையும் நிலப்படமும் கொண்டு தீர்க்கத்தக்க தொழில்நுட்பக் கேள்வி எனப் பலரும் எண்ணுவதுண்டு. ஆனால், எந்த அளவுள்ள நிலத்தை ஓர் அலகாகக் கொள்வது, யாரை அந்த மண்ணுக்குரியவராக எண்ணுவது, எத்தனை வகைகளாக மக்களைப் பிரிப்பது ஆகிய மூன்றையும் முன்கூட்டியே முடிவு செய்யாமல் எந்த அட்டவணையையும் படிக்க இயலாது. இம்மூன்றில் ஒன்றை மாற்றினாலும் கோடு இடம் மாறிவிடும்.

அலகு என்னும் சிக்கல்

ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று வட்டங்கள். வட்டத்துக்கு மூன்று ஊர்கள். ஊருக்கு 100 பேர். மக்கள் அ, ஆ என இரு பிரிவினர். முதல் வட்டத்தின் ஒவ்வோர் ஊரிலும் அ பிரிவினர் 90 பேர். இரண்டாம் வட்டத்தின் மூன்று ஊர்களில் அவர்கள் முறையே 80, 30, 30 பேர். மூன்றாம் வட்டத்திலும் அவ்வாறே. ஆக, மாவட்டத்தின் 900 பேரில் 550 பேர் அ பிரிவினர்.

மாவட்டத்தை அலகாகக் கொண்டால் முழு மாவட்டமும் அ பிரிவுக்குச் செல்லும். ஆ பிரிவினர் 350 பேர் அயல் நாட்டில் சிறுபான்மையாவர். வட்டத்தை அலகாகக் கொண்டால் முதல் வட்டம் மட்டும் அ பிரிவுக்கும், மற்ற இரண்டும் ஆ பிரிவுக்கும் செல்லும். அப்போது தமக்குரியதல்லாத பக்கத்தில் சிக்குவோர் 310 பேர். ஊரை அலகாகக் கொண்டால் இந்த எண்ணிக்கை 190 ஆகக் குறையும். அதாவது, மிக நுணுக்கமாக வெட்டிய பின்னரும் ஐந்தில் ஒருவருக்கு மேல் தவறான பக்கத்திலேயே இருப்பர். அத்துடன், 80 பேர் கொண்ட அந்த இரு ஊர்களும் ஆ நாட்டின் நடுவில் தீவுகளாக நின்றுவிடக்கூடும். தீவுகளைத் தவிர்க்கவே நிலத்தொடர்ச்சி என்னும் நிபந்தனை சேர்க்கப்படுகிறது. அதைச் சேர்த்தவுடன் அவ்வூர் மக்களும் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகின்றனர்.

அலகு பெரிதானால் சிறுபான்மையினர் மிகுதியாவர். சிறிதானால் நிலம் துண்டு துண்டாகும். இரண்டையும் ஒருங்கே தவிர்க்கும் அளவு எதுவும் இல்லை. எனவே, எந்த அலகு சரி என்ற வாதத்தில் ஒவ்வொரு தரப்பும் தனக்கு ஆதாயமான அலகையே இயல்பானதெனக் கூறும். இதைத் தரப்புகளின் நேர்மைக் குறைவாக மட்டும் கொள்ள முடியாது. இயல்பான அலகு என ஒன்று இல்லாததால் வாதத்தை முடித்துவைக்க வேறு வழி இருப்பதில்லை.

கொல்லிமலையும் மாவட்டக் கோடுகளும்

நாட்டு எல்லைக்குச் செல்லுமுன், போரோ பகையோ இல்லாத ஒரு சிறு எடுத்துக்காட்டைத் தமிழ்நாட்டிலேயே காணலாம். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். கேரள மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் உள்ள தொடர்பு பெயர் மட்டுமே. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. பெயரை மட்டும் கொண்டு இனத்தைத் தீர்மானிக்க முற்படும் ஒருவர் கொல்லிமலையிலேயே வழி தவறிவிடுவார்.

மலையாளிகள் தமிழ்நாட்டின் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆயினும் இவர்களது நிலம் ஒரே தொடர்ச்சியாக இல்லை. கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை, சவ்வாது மலை என இவர்கள் பரவியுள்ளனர். இம்மலைகளுக்கு இடையே சேலம், ஆத்தூர், இராசிபுரம், துறையூர் போன்ற ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த வேளாண் சமவெளியும் உள்ளன. இவர்களுக்கென ஓர் ஆட்சிப் பகுதி வரைய வேண்டுமெனில், மலைகளை மட்டும் எடுத்தால் அது தனித்தனித் தீவுகளாகும். சமவெளியையும் சேர்த்தால் அவர்கள் தம் பகுதியிலேயே சிறுபான்மையாவர். பழங்குடிப் பகுதிகளுக்கான அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைக்கு, பழங்குடியினரின் மிகுதியோடு நிலப்பகுதியின் செறிவும் ஓர் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை.

இதனினும் கூர்மையான சிக்கல் பட்டியலில் உள்ளது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி அமைந்த பட்டியலில், மலையாளி என்னும் பெயர் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களுக்கு மட்டும் உரியதாகக் குறிக்கப்பட்டது. நாமக்கல் மாவட்டம் 1997ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து பிரிந்தது. அதன் பெயர் பட்டியலில் இல்லாவிடினும், பழைய சேலம் மாவட்டத்தின் பகுதி என்பதால் கொல்லிமலை மக்களின் தகுதி தொடர்ந்தது. ஆனால், ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளுக்கு அவ்வாறு அமையவில்லை. பட்டியல் உருவானபோது அம்மலை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கோயம்புத்தூர் பட்டியலில் இடம்பெறவில்லை. ஒரே பெயரும் ஒரே மொழியும் கொண்டவர்கள், மாவட்டக் கோட்டின் ஒரு பக்கத்தில் பழங்குடியினராகவும் மறுபக்கத்தில் அவ்வாறு அல்லாதவராகவும் ஆயினர்.

இதன் விளைவு சான்றிதழோடு நிற்பதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பழங்குடியினர் 2005 திசம்பர் 13ஆம் நாளுக்கு முன் காட்டு நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்களோ, அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். எழுத்து ஆவணங்கள் அரிதான மலையூர்களில் இது எளிதன்று. ஈரோட்டு மலையாளிகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக எழுப்பப்பட்டு வந்துள்ளது.

அதே பட்டியலில் காணிக்காரர் என்னும் பழங்குடிக்கு எதிரே கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும் குறிக்கப்பட்டன. இவை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதிகள். மறைந்துபோன ஓர் எல்லை, இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு சட்டப் பட்டியலில் உயிரோடு இருந்ததை இது காட்டுகிறது.

1947: பஞ்சாபும் வங்காளமும்

இந்தியப் பிரிவினையில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க இரு எல்லை ஆணையங்கள் அமைக்கப்பட்டன. இரண்டுக்கும் தலைவர் பிரித்தானிய வழக்கறிஞர் சிரில் ராட்கிளிஃப். அவர் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததில்லை. 1947 சூலை 8 அன்று வந்து சேர்ந்தார். ஐந்து வாரங்களில் பணி முடிந்தது. ஒவ்வோர் ஆணையத்திலும் காங்கிரசு சார்பில் இரு நீதிபதிகளும் முஸ்லிம் லீக் சார்பில் இரு நீதிபதிகளும் இருந்தனர். அவர்கள் இருபக்கமாகப் பிரிந்து நின்றதால் முடிவு பெரும்பாலும் தலைவர் ஒருவரிடமே வந்தது. தீர்ப்பு வெளியிடப்பட்டது ஆகத்து 17 அன்று, விடுதலைக்கு இரண்டு நாள்களுக்குப் பின்னர். அதுவரை எல்லையோர மக்கள் தாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை அறியாமலேயே விடுதலை நாளைக் கொண்டாடினர். வங்காளத்தின் முர்சிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏற்றப்பட்டன. தீர்ப்பு வந்தபோது முர்சிதாபாத் இந்தியாவுக்கும் குல்னா பாகிஸ்தானுக்கும் சென்றன.

முஸ்லிம்களும் முஸ்லிம் அல்லாதோரும் பெரும்பான்மையாகவும் தொடர்ச்சியாகவும் வாழும் பகுதிகளைக் கண்டறிந்து எல்லை வகுக்க வேண்டும். பிற காரணிகளையும் கருத்திற் கொள்ளலாம் என்பதே ஆணையங்களுக்கு இடப்பட்ட பணி. அலகு மாவட்டமா, வட்டமா, ஊரா என்பது கூறப்படவில்லை. பிற காரணிகள் எவை என்பதும் கூறப்படவில்லை. இவ்விரு மௌனங்களே பின்னாளைய வாதங்கள் பெரும்பாலானவற்றுக்கு ஊற்றாயின.

குர்தாஸ்பூர் மாவட்டம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டம் முழுவதற்குமாக முஸ்லிம்கள் மிகச் சிறு பெரும்பான்மை பெற்றிருந்தனர். நான்கு வட்டங்களில் பதான்கோட் மட்டுமே முஸ்லிம் அல்லாதோர் பெரும்பான்மை கொண்டது. மாவட்டம் அலகானால் அனைத்தும் பாகிஸ்தானுக்கு. வட்டம் அலகானால் பதான்கோட் மட்டும் இந்தியாவுக்கு. தீர்ப்பு இரண்டையும் பின்பற்றவில்லை. சகர்கர் வட்டம் மட்டும் பாகிஸ்தானுக்குச் சென்றது. மற்ற மூன்றும் இந்தியாவில் நின்றன. பெரோஸ்பூர், சீரா ஆகிய முஸ்லிம் பெரும்பான்மை வட்டங்களும் இந்தியாவுக்கே வந்தன. கால்வாய்த் தலைமதகுகள், தொடருந்துப் பாதைகள், அமிர்தசரசின் பாதுகாப்பு என்பன இங்கே பிற காரணிகளாயின. சகர்கர் பக்கம் சென்ற நிலத்தில் குரு நானக் இறுதிக்காலத்தில் வாழ்ந்த கர்தார்பூர் இருந்தது. எல்லைக்கு இப்பால் நான்கைந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து அதைத் தொழுதுவந்த சீக்கியர்களுக்காக ஒரு தனிவழி 2019 நவம்பரில்தான் திறக்கப்பட்டது.

சீக்கியர்களின் நிலை, வகைப்பாடு என்னும் மூன்றாம் சிக்கலைக் காட்டுகிறது. பிரித்தானிய பஞ்சாபின் எந்த மாவட்டத்திலும் அவர்கள் தனிப் பெரும்பான்மை பெற்றிருக்கவில்லை. முஸ்லிம், முஸ்லிம் அல்லாதோர் என்ற இரண்டே பெட்டிகள் கொண்ட கணக்கில் அவர்களுக்கெனத் தனிப் பெட்டி கிடையாது. தங்கள் கோயில்களும், கால்வாய்க் குடியேற்றங்களில் தங்கள் உழைப்பால் விளைநிலமான பகுதிகளும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர். தலைகளை மட்டும் எண்ணும் முறையில் இவற்றுக்கு இடமில்லை. நன்கானா சாகிப் பாகிஸ்தானில் அமைந்தது.

பெட்டிகளை மாற்றினால் நாடே மாறும் என்பதற்குப் பாகிஸ்தானே சான்று. சமயம் என்ற பெட்டியில் ஒன்றாக இருந்த கிழக்கும் மேற்கும் மொழி என்ற பெட்டியில் வேறாக இருந்தன. 1952ஆம் ஆண்டின் வங்காள மொழி இயக்கத்துக்குப் பின் இருபதாண்டுக்குள், 1971இல், வங்காளதேசம் பிறந்தது.

சிட்டகாங் மலைப்பகுதி

கொல்லிமலையைப் போன்ற மலைவாழ் மக்கள் நாட்டு எல்லையில் சிக்கினால் என்னவாகும் என்பதைக் கிழக்கு வங்காளத்தின் சிட்டகாங் மலைப்பகுதியில் காணலாம். 1941இல் அங்கு வாழ்ந்தோரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் முஸ்லிம் அல்லாதோர். பெரும்பாலோர் பௌத்தர்களான சக்மா, மர்மா முதலிய இனத்தவர். பெரும்பான்மை என்ற அளவுகோலை அப்படியே பின்பற்றியிருந்தால் இதைவிடத் தெளிவான கணக்கு வேறு இருந்திராது. எனினும், இம்மலைகள் பொருளாதார அளவில் சிட்டகாங் துறைமுகத்தைச் சார்ந்தவை என்ற காரணத்தால் பாகிஸ்தானுக்கு வழங்கப்பட்டன. மலைப்பகுதி விலக்கப்பட்ட பகுதியாக ஆளப்பட்டதால் வங்காளச் சட்டமன்றத்தில் அதற்குப் பேராளர் எவரும் இருக்கவில்லை. ஆகத்து 15 அன்று இரங்கமதியில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. சில நாள்களில் படையினர் வந்து அதை இறக்கினர்.

பின்னர், கர்ணபுலி ஆற்றின் குறுக்கே 1962இல் முடிக்கப்பட்ட கப்தாய் அணையின் நீர்த்தேக்கம் அப்பகுதியின் விளைநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை மூழ்கடித்தது. சுமார் ஓர் இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களில் பல்லாயிரவர் இந்தியாவுக்கு வந்து இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியேற்றப்பட்டனர். அங்கும் அவர்களது குடியுரிமை நெடுங்காலம் வழக்குக்குரியதாயிற்று. வங்காளதேசம் உருவான பின் மலைப்பகுதியில் எழுந்த ஆயுதப் போராட்டம் 1997 திசம்பர் 2 அன்று கையெழுத்தான உடன்பாட்டுடன் முடிவுக்கு வந்தது.

நிலையற்றோர் என்னும் வகை

யாரை எண்ணுவது என்ற கேள்வியில் அடிக்கடி தோற்றவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். மூன்று இடங்களில் இது ஏறத்தாழ ஒரே சொற்களில் நிகழ்ந்தது.

அசாமின் சில்ஹெட் மாவட்டம் எந்த நாட்டில் சேர்வது என்பதற்கு 1947 சூலை 6, 7 ஆகிய நாள்களில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அங்கிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் அம்மண்ணில் நிலையாக வேரூன்றாதவர்கள் எனக் கருதப்பட்டு வாக்களிப்பிலிருந்து விலக்கப்பட்டனர். வாக்கெடுப்பு பாகிஸ்தானுக்குச் சார்பாக முடிந்தது. கரீம்கஞ்சுப் பகுதி மட்டும் இந்தியாவில் தங்கியது.

அடுத்த ஆண்டு, 1948இல், இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் அதனால் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. எண்கள் இவ்வாறு வட்டமாக அமைந்தது தற்செயலன்று. இங்கே முதலில் பங்கு முடிவாயிற்று. எந்தப் பங்கில் யார் என்பது பின்னர் தேடப்பட்டது.

மூன்றாவது, தேவிகுளமும் பீர்மேடும். மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையில், திருவிதாங்கூர்-கொச்சியின் தமிழ்ப் பகுதிகளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துடன் இணைக்கப் பரிந்துரைத்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் நெடுநாள் போராட்டத்தின் பயன் இது. 1954 ஆகத்து 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோரும் அப்போராட்டத்தைச் சேர்ந்தவர்களே. ஆனால், தேவிகுளத்தில் தமிழர் தெளிவான பெரும்பான்மையாக இருந்தும் ஆணையம் அதைக் கேரளத்திலேயே விட்டது. அந்தப் பெரும்பான்மை தோட்ட வேலைக்கு வந்துபோகும் தொழிலாளர்களால் ஆனது என்பதும், அம்மலைகள் கேரளத்தின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதவை என்பதும் காரணங்களாகக் கொள்ளப்பட்டன. 1956 நவம்பர் 1 அன்று எல்லை அவ்வாறே நடைமுறைக்கு வந்தது. வந்துபோவோர் எனக் கருதப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மூணாற்றில் வாழ்கின்றனர்.

ஊரை அலகாகக் கொண்ட எல்லை

சென்னை மாநிலத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையிலான எல்லை வேறு முறையில் தீர்க்கப்பட்டது. ம. பொ. சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னணியில், எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். ஊரே அலகு, நிலத்தொடர்ச்சி வேண்டும், மொழிப் பெரும்பான்மையே அளவுகோல் என்ற நெறிகள் முன்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டன. அதன்படி திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, 1960 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றதில் மனக்குறை கொண்டோர் உண்டு. இருபக்கமும் மொழிச் சிறுபான்மையினரும் உண்டு. இருப்பினும் ஏற்கத்தக்க அளவுக்கு இது அமைதியாக முடிந்தது. நெறிகள் கோட்டுக்கு முன்னரே எழுதப்பட்டது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், திருத்தணியின் தெலுங்கர் எவரும் எல்லை மாறியதால் அயல்நாட்டவர் ஆகவில்லை என்பது. குடியுரிமை, நாணயம், உச்ச நீதிமன்றம் மூன்றும் கோட்டின் இருபக்கமும் ஒன்றே. இழப்பின் அளவு சிறிது என்பதால் கோட்டின் பிழையும் தாங்கத்தக்கதாயிற்று.

இலங்கையின் கிழக்கு மாகாணம்

1976 மே 14 அன்று வட்டுக்கோட்டைத் தீர்மானம் தமிழீழத் தனியரசைக் கோரியது. கோரப்பட்ட நிலம் வடக்கு, கிழக்கு மாகாணங்களை அடிப்படையாகக் கொண்டது. வடக்கில் தமிழர் பெரும்பான்மை ஐயத்துக்கு இடமற்றது. கிழக்கு அவ்வாறன்று. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கிழக்கு மாகாணத்தில் தமிழர் ஏறத்தாழ 42 விழுக்காடு, முஸ்லிம்கள் 32 விழுக்காடு, சிங்களவர் 25 விழுக்காடு. எவருக்கும் பாதி இல்லை. திருகோணமலை மாவட்டத்தில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். அம்பாறையில் முஸ்லிம்களே மிகுதி. அம்மாவட்டமே 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. கல்லோயாத் திட்டம் போன்ற அரசின் குடியேற்றங்கள் அங்கு சிங்களவர் விகிதத்தை உயர்த்தின. எனவே, எந்த ஆண்டின் கணக்கை ஏற்பது என்பதும் ஒரு சிக்கலாயிற்று. குடியேற்றத்துக்கு முந்தைய கணக்கைத் தமிழ்த் தரப்பும், அன்றைய கணக்கை அரசுத் தரப்பும் முன்வைத்தன.

இங்குள்ள முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ். மொழியை அளவுகோலாகக் கொண்டால் கிழக்கில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மை; இன அடையாளத்தைக் கொண்டால் முஸ்லிம்கள் தனி இனத்தவர். அவர்களில் பெரும்பாலோர் தம்மை இரண்டாம் வகையினராகவே கருதினர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர் வீடு இழந்தனர். மொழியால் ஒன்றென்ற வாதம் அதன்பின் வலுவிழந்தது. தென்கிழக்கில் முஸ்லிம்களுக்குத் தனி அலகு வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது.

அந்த அலகையும் வரைவது எளிதன்று. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடுக்கப்பட்டதுபோல் அமைந்துள்ளன. கல்முனையில் இரு சமூகங்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றன. அங்குள்ள வடக்குப் பிரதேச செயலகத்தை முழுமையாகத் தரமுயர்த்துவது பற்றிய பிணக்கு பல ஆண்டுகள் நீடித்தது. நாட்டு எல்லையில் தொடங்கிய கேள்வி ஒரு நகரின் அலுவலக எல்லை வரை இறங்கியும் தீரவில்லை. 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இரு மாகாணங்களும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. இணைப்பு தொடர்வது பற்றிக் கிழக்கில் நடக்கவேண்டிய பொதுவாக்கெடுப்பு நடக்கவேயில்லை. இணைத்த முறை செல்லாது என உச்ச நீதிமன்றம் 2006 அக்டோபரில் தீர்ப்பளித்தது; 2007 சனவரி 1 முதல் மாகாணங்கள் தனித்தனியாயின. மலையகத் தமிழரும் கொழும்புத் தமிழரும் எந்த வரைபடத்திலும் கோட்டுக்கு வெளியிலேயே இருந்தனர் என்பதையும் கருத வேண்டும்.

மக்களை நகர்த்துதல்

கோட்டை மக்களுக்கேற்ப வரைய முடியாதபோது மக்களைக் கோட்டுக்கேற்ப நகர்த்தலாம் என்ற கருத்து தோன்றியது. 1923இல் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் செய்த உடன்பாட்டின்படி சுமார் 12 இலட்சம் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும் சுமார் 4 இலட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் உரியவராயினர். அளவுகோல் சமயம் மட்டுமே. எனவே துருக்கி மொழி பேசிய கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டு, மொழி தெரியாத தாயகங்களில் இறங்கினர். இந்த எடுத்துக்காட்டைச் சுட்டியே, பாகிஸ்தான் அமைவதாயின் மக்கள் பரிமாற்றமும் முறைப்படி நடக்க வேண்டும் என்று அம்பேத்கர் 1940களின் தொடக்கத்திலேயே எழுதினார்.

1947இல் முறைப்படியான திட்டம் எதுவும் இருக்கவில்லை. ஒன்றேகால் கோடிக்குக் குறையாதோர் இடம்பெயர்ந்தனர் எனவும், இறந்தோர் இரண்டு இலட்சம் முதல் இருபது இலட்சம் வரை எனவும் மதிப்பீடுகள் உள்ளன. இத்தனைக்குப் பின்னும் 1951இல் இந்தியாவில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி முஸ்லிம்கள் இருந்தனர். கிழக்குப் பாகிஸ்தானில் ஐந்தில் ஒருவர் இந்து.

போரில் கலந்துபோன மக்களைப் பிரித்துவைப்பதே மேலும் உயிரிழப்பைத் தடுக்கும் என சைம் காஃப்மன் என்னும் அரசறிவியலாளர் 1996இல் வாதிட்டார். நிக்கோலசு சம்பானிசு 2000ஆம் ஆண்டில் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து, பிரிவினை மீண்டும் போர் மூளுவதைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்றார். பிரிவினையை ஆதரிப்போர் கலந்து வாழ்ந்தால் ஏற்படும் சாவுகளை எண்ணுகின்றனர். எதிர்ப்போர் பிரிக்கும்போது ஏற்படும் சாவுகளை எண்ணுகின்றனர். நிகழாத வரலாற்றை எண்ணும் கணக்கெடுப்பு இல்லாததால் இவ்விவாதம் எளிதில் முடியக்கூடியதன்று.

பிரிக்க இயலாதவை

பணத்தைப் பிரிப்பது ஒப்பீட்டளவில் எளிது. பிரித்தானிய இந்தியாவின் நிதிச் சொத்துகளும் கடன்களும் இந்தியாவுக்கு 82.5, பாகிஸ்தானுக்கு 17.5 என்ற விகிதத்தில் பிரிக்கப்பட்டன. நீர் அவ்வாறன்று. பஞ்சாபின் கால்வாய்கள் ஒரே அமைப்பாகக் கட்டப்பட்டவை. கோடு வரைந்தபின் பெரோஸ்பூர் தலைமதகு இந்தியாவிலும் அதனால் பாசனம் பெறும் நிலங்களில் ஒரு பகுதி பாகிஸ்தானிலும் அமைந்தன. 1948 ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப் தண்ணீரை நிறுத்தியது. உலக வங்கியின் முன்னிலையில் சிந்து நதிநீர் ஒப்பந்தம் 1960இல் கையெழுத்தாகும் வரை இச்சிக்கல் நீடித்தது. அவ்வொப்பந்தத்தையும் 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையானது முல்லைப் பெரியாறு. 1886ஆம் ஆண்டுக் குத்தகையின்படி கட்டப்பட்டு 1895இல் திறக்கப்பட்ட அவ்வணை பீர்மேடு வட்டத்தில் உள்ளது. அதன் நீர் மலையைக் குடைந்து தேனி, மதுரைப் பகுதிகளின் வயல்களுக்கு வருகிறது. அணை நிற்கும் நிலம் கேரளத்தில்; அணையை இயக்குவது தமிழ்நாடு. நீர்மட்டம் 142 அடியா 136 அடியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 2014 மே மாதத்தில் 142 அடி வரை தேக்கலாம் எனத் தீர்ப்பு வந்தது.